கணவனுக்கு எதிராக மனைவி கூண்டில் ஏறலாமா? ஒரு பழைய லண்டன் படமும் நம் நாட்டுச் சட்டமும்

கொலை வழக்கொன்றில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மனைவியையே அரச தரப்புச் சாட்சியாக அழைக்க முடியுமா? 1957இல் வெளிவந்த ‘விட்னஸ் ஃபார் த ப்ராசிக்யூஷன்’ படத்தின் முழுக் கதையும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. லண்டனில் 1952இல் நடப்பதாகச் சொல்லப்படும் கதை. அதே வழக்கு நாளைக்கே இங்கே இலங்கையில், திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டாலும் அதே கேள்வி அதே இடத்தில் எழும். சென்னையில் எழாது. ஏன் என்று பார்த்தால் அந்தப் படமும் விளங்கும், நமது நீதிமன்றமும் கொஞ்சம் விளங்கும்.

படத்தின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காத நண்பர்களிடம் முடிவை வெளியிட வேண்டாம் என்று படத்தின் கடைசியிலேயே ஒரு வேண்டுகோள் வருகிறது. எழுபது வருடம் நெருங்கினாலும் அதை மதிப்பதுதான் சரி. ஆனால் நடுவில் வரும் ஒரு திருப்பத்தைத் தொடாமல் சட்டத்தை விளக்க வழியில்லை. அதுவும் வேண்டாம் என்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவுதான்.

கதை அகதா கிறிஸ்டியுடையது. 1925இல் ஒரு சஞ்சிகையில் சிறுகதையாக வந்து, 1953இல் அவர் கையாலேயே மேடை நாடகமானது. அதைப் படமாக்கியவர் பில்லி வைல்டர். லெனார்ட் வோல் என்ற வேலையில்லாத இளைஞன் எமிலி ஃபிரெஞ்ச் என்ற வசதியான விதவையுடன் பழகுகிறான். ஒரு நாள் இரவு அந்த அம்மா தன் வீட்டிலேயே தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறார். உயிலில் எண்பதாயிரம் பவுண் லெனார்டின் பெயருக்கு எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அவன் வீட்டில்தான் இருந்தான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவனுடைய ஜெர்மன் மனைவி கிறிஸ்டீன்.

நீதிமன்றப் படம் என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் முதல் பாதியின் பெரும் பகுதி நடப்பது சேர் வில்ஃபிரிட் ரோபார்ட்ஸ் என்ற மூத்த வழக்கறிஞரின் கந்தோரில். பின்னால் நீதிமன்றத்தில் வெடிக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் விதை அங்கேதான் போடப்படுகிறது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறார் சேர் வில்ஃபிரிட். கொலை வழக்குகளைத் தொடக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை, சுருட்டும் பிராந்தியும் தடை. காவலுக்கு ஒரு தாதி. அவரைப் பார்க்க மேஹ்யூ என்ற இன்னொரு சட்டத்தரணி லெனார்டைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

இன்றைய இளம் பார்வையாளருக்கு இங்கேயே ஒரு சந்தேகம் வரும். மேஹ்யூவும் சட்டத்தரணிதானே, ஏன் அவரே வழக்கைப் பேசக்கூடாது? இங்கிலாந்தில் கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணம் தயாரிப்பவர் வேறு, உயர் நீதிமன்றங்களில் எழுந்து வாதாடுபவர் வேறு. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பிரக்கிராசியிடம் போய், அவர் மூலமாகக் கொழும்பிலிருந்து ஓர் அப்புக்காத்துவைப் பிடித்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தோடு அந்த இரண்டு வகுப்பும் ஒன்றாகி, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். மேஹ்யூ பிரக்கிராசி, சேர் வில்ஃபிரிட் அப்புக்காத்து என்று வைத்துக்கொண்டால் படத்தின் முதல் அரை மணி நேரம் உடனே பிடிபட்டுவிடும்.

அந்தக் கந்தோர்க் காட்சிகளில் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். சேர் வில்ஃபிரிட் ஒற்றைக் கண்ணாடி அணிபவர். எதிரே இருப்பவரை விசாரிக்கும்போது யன்னல் வெயிலை அந்தக் கண்ணாடியில் பிடித்து அவருடைய முகத்தில் அடிப்பார். கண்ணைக் கூசிக்கொண்டு உண்மை சொல்கிறாரா, தடுமாறுகிறாரா என்று பார்ப்பது அவருடைய பழைய வித்தை. லெனார்ட் வெளிச்சத்தில் முழித்தபடியே கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். பிறகு கிறிஸ்டீன் வருகிறாள். அதே வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. அவள் எழுந்து போய் யன்னலை மறைத்துவிடுகிறாள். படத்தில் இதைப் பற்றி யாரும் பேருரை ஆற்றுவதில்லை. எந்தச் சாட்சி தன்னைச் சோதிக்க விடுவார், யார் விடமாட்டார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. கிறிஸ்டீனாக வரும் மார்லீன் டீட்ரிச்சின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நம் ஊர்ச் சட்டத்தரணி கந்தோர்களிலும் இந்தச் சோதனை நடக்கிறது. ஒற்றைக் கண்ணாடி இருக்காது, அவ்வளவுதான். முன் விறாந்தையில் கதிரைகளில் ஆட்கள் காத்திருப்பார்கள். கிளாக்கர் தவணைக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருப்பார். உள்ளே ஐயா ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். “நீங்கள் கதவடியில் நின்றீர்களா, படலையடியில் நின்றீர்களா?” பத்து நிமிடம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, “படலை பூட்டியிருந்ததா?” சாட்சிக்கூண்டில் மறுதரப்பு கேட்கப்போவதை முதலில் தானே கேட்டுப் பார்த்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். கந்தோரில் தடுமாறுகிற சாட்சி கூண்டில் விழுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, மனைவி விஷயத்துக்கு வருவோம்.

கந்தோரில் கிறிஸ்டீன் ஒரு செய்தியை மிகச் சாதாரணமாகச் சொல்கிறாள்: லெனார்டைக் கலியாணம் முடித்தபோது அவளுக்கு ஏற்கெனவே ஒரு கணவன் ஜெர்மனியில் இருந்தான். அந்த நேரத்தில் அது ஒரு குடும்ப விவகாரம் போலத்தான் காதில் விழுகிறது. நீதிமன்றத்தில் அரச தரப்பு அவளைச் சாட்சியாக அழைக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. சேர் வில்ஃபிரிட் எழுந்து ஆட்சேபிக்கிறார், மனைவியைக் கணவனுக்கு எதிராக அழைக்க முடியாது என்று. அரச தரப்பு முந்தைய திருமணச் சான்றிதழை நீட்டுகிறது. முதல் கணவன் உயிரோடிருக்க நடந்த இரண்டாம் கலியாணம் செல்லாது. செல்லாத கலியாணத்தில் மனைவியும் இல்லை, தடையும் இல்லை. கிறிஸ்டீன் கூண்டில் ஏறுகிறாள். ஒன்பதரைக்கு முன்பே கணவன் வீட்டுக்கு வந்தான் என்று பொலிசாரிடம் சொன்னவள், பத்து மணி கடந்துதான் வந்தான் என்கிறாள்.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பொதுவான விதி அதுதான். மனைவிக்கே தீங்கு செய்த வழக்குகள் போன்ற சில விலக்குகளைத் தவிர, எதிரியின் மனைவியை அரச தரப்பு அழைக்க முடியாது. இங்கிலாந்தில் இது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மாறிவிட்டது. இன்று லண்டனில் இந்தக் கதையை அப்படியே எடுக்க முடியாது. அரச தரப்புக்கு அந்தச் சான்றிதழே தேவைப்படாது.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, குற்றவியல் வழக்கில் எதிரியின் கணவனோ மனைவியோ தகுதியுள்ள சாட்சி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது; 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. தம்பதிக்குள் பேசிக்கொண்டதை வெளியிடத்தான் தனித் தடை. அதனால்தான் சென்னையில் இந்தக் கேள்வி எழாது என்றேன்.

நமது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் அந்த இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பிரிவு இலக்கங்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் இந்த 120ஆம் பிரிவில் நம்முடைய சட்டம் இந்தியாவை விட்டுவிட்டு இங்கிலாந்தின் பக்கம் நின்றது. குற்றவியல் வழக்கில் எதிரி தானே அழைத்தால் மட்டுமே அவனுடைய மனைவி தகுதியுள்ள சாட்சி. அப்படி அழைத்தால் அவர்களுக்குள் பேசிய எதற்கும் பாதுகாப்பில்லை. கணவன் மனைவியையே அடித்துக் காயப்படுத்திய வழக்கு போன்றவற்றில் அவளை அரச தரப்பு அழைக்கலாம், கட்டாயப்படுத்தவும் செய்யலாம். வேறு யாரையோ கொன்றதாக வழக்கு என்றால் அந்தக் கதவு பூட்டுத்தான்.

ஆக, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் தனியாக வாழ்ந்த ஒரு பணக்கார அம்மாவின் கொலை வழக்கில் லெனார்ட் எதிரி என்று வைத்துக்கொண்டால், இங்குள்ள அரச சட்டவாதியும் அதே பழைய திருமணச் சான்றிதழைத்தான் தேடிப் போக வேண்டும். இருக்கும் கலியாணம் முறியாமல் செய்த இரண்டாம் பதிவு நமது பொதுத் திருமணச் சட்டத்திலும் செல்லாது. லண்டன் கைவிட்ட ஒரு சட்டச் சிக்கல் இங்கே உயிரோடிருக்கிறது. இந்தப் படத்தை அதன் முழு அழுத்தத்தோடு பார்க்கக்கூடிய பார்வையாளர்கள் இன்று நாம்தான் என்று தோன்றுகிறது.

அதே வழக்கில் இங்கே மாறக்கூடியவையும் உண்டு. படத்தில் பன்னிரண்டு யூரிமார், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள். அன்றைய விதிப்படி பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். நமது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் யூரிமார் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு இருந்தால் தீர்ப்பு. கொலை வழக்கில் எதிரி யூரி வேண்டுமென்று கேட்கலாம், எந்த மொழி பேசும் யூரி என்றும் தெரிவு செய்யலாம். நடைமுறையில் பெரும்பாலான வழக்குகளை நீதிபதி தனியாகவே கேட்கிறார். அப்போது சட்டத்தரணியின் பாணியே மாறிவிடும். சேர் வில்ஃபிரிட் மேசையில் மாத்திரைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, திடீரென்று எழுந்து கர்ச்சிப்பது யூரிமாரின் முகத்தைப் பார்த்து. யூரி காரணம் சொல்லத் தேவையில்லை. நீதிபதி காரணங்களை எழுத வேண்டும். அது மேன்முறையீட்டில் வரி வரியாக வாசிக்கப்படும். அதனால் நம் சட்டத்தரணிகள் கர்ச்சனையைக் குறைத்து, பொலிஸ் வாக்குமூலத்துக்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் இடையிலான முரண்பாடுகளையும் விடுபாடுகளையும் ஒவ்வொன்றாகப் பதிவாக்குகிறார்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும். வழக்கு வெல்வது அதில்தான்.

இன்னொன்று, லெனார்ட் சத்தியம் செய்து கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுக்கிறான். இங்கே அவனுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. எதிரிக் கூண்டில் நின்றபடியே, சத்தியம் செய்யாமல் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு அமரலாம். அரச சட்டவாதி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் தேறாததால் அதன் நிறை குறைவு. ஆனாலும் அதை நம்பினாலோ, அது நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினாலோ எதிரிக்கு அதன் பயன் கிடைக்கும். இங்கிலாந்தில் அன்று இருந்த இந்த உரிமையை 1982இல் எடுத்துவிட்டார்கள். நம்மிடம் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக அது தொடர்கிறது. லெனார்டைப் போல வாய்ப்பேச்சில் ஆளை மயக்குகிறவன் எந்த வழியைத் தேர்ந்திருப்பான் என்று யோசிப்பது ஒரு நல்ல பயிற்சி.

தூக்குக் கயிறு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொலைக்கு மரண தண்டனை நமது சட்டத்தில் இன்னும் இருக்கிறது, நீதிபதிகள் விதிக்கவும் செய்கிறார்கள். 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. லெனார்டின் காலத்து லண்டனில் அந்தப் பயம் நிஜம்.

படத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற சாட்சி கிறிஸ்டீன்கூட இல்லை. இறந்த அம்மாவின் வேலைக்காரி ஜேனட் மெக்கென்சி. மேடையில் நடித்த ஊனா ஓகோனரே படத்திலும் அந்தப் பாத்திரத்தில் வருகிறார். கொலை நடந்த இரவு அறைக்கு வெளியே நின்றபோது உள்ளே லெனார்டின் குரலைக் கேட்டதாக ஜேனட் அடித்துச் சொல்கிறாள். சேர் வில்ஃபிரிட் அவளை அதட்டவில்லை. காது கேட்கும் கருவிக்கு அவள் விண்ணப்பித்திருப்பதை வெளியே கொண்டுவருகிறார். குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்கிறார், அவளுக்கு விளங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலை இவள் எப்படி அடையாளம் கண்டாள் என்பதை யூரிமார் தாங்களாகவே கேட்டுக்கொள்கிறார்கள். அவளைப் பொய்க்காரி என்று சொல்லாமலே அவளுடைய சாட்சியத்தைக் கரைத்துவிடுகிறார். குறுக்கு விசாரணை பழகும் எவரும் பார்க்க வேண்டிய காட்சி.

ஆனால் அந்தக் காட்சியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் ஓர் இடத்தில் அது உடைந்துவிடுகிறது. ஜேனட்டிடம் கேட்பது சமீபத்தில் கேட்ட குரலைப் பற்றி. நம் நாட்டில் கொலை வழக்கு நீதவான் முன் தொடங்கி, சட்டமா அதிபர் குற்றப்பகர்வு கொடுத்து, மேல் நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போகும்போது, சாட்சியிடம் கேட்கப்படுவது பல வருடத்துக்கு முந்தைய குரலைப் பற்றி. கதவடியா படலையடியா என்ற கேள்விக்கு அத்தனை காலம் கழித்து ஒரு மனிதர் தடுமாறினால், அது பொய்யின் அடையாளமா, காலத்தின் வேலையா?

இந்தத் திருகோணமலை மாவட்டத்தின் இரண்டு வழக்குகளை இங்கே சொல்லாமல் போக முடியாது. குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிராம மக்கள் 24 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், அங்கே சிங்களம். யூரிமாரும் சிங்களம் பேசுபவர்கள். தமிழ்க் கிராமத்தவர்கள் சொன்ன சாட்சியம் அவர்களிடம் மொழிபெயர்ப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2016 ஜூலையில், இருபது வருடம் கழித்து, எதிரிகளான முன்னாள் இராணுவக் கோப்ரல்கள் ஆறு பேரையும் யூரி விடுவித்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டதே ஜேனட்டுக்கு எட்டாமல் போனதைப் பார்த்த நமக்கு, ஒரு தாயின் சாட்சியம் இன்னொரு மொழி வழியாக, இருபது வருடம் தாண்டி, யூரிப் பெட்டியை எந்த நிலையில் அடைந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றது 2006 ஜனவரி 2. நகரக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஊரின் நடுவே, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நடந்தது. பொலிசின் விசேட அதிரடிப் படையினரும் பொலிஸ் அதிகாரி ஒருவருமாகப் பதின்மூன்று பேர் மீதான வழக்கு திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் இருந்தது. முக்கிய சாட்சிகள் பயத்தில் நாட்டை விட்டே போய்விட்டார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று பதின்மூன்று பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

கிறிஸ்டீன் கூண்டில் ஏற ஒரு சட்டத் தடைதான் இருந்தது. அதை ஒரு சான்றிதழ் நீக்கியது. அவள் வீட்டுக்கு இரவில் யாரும் வந்து மிரட்டவில்லை. சாட்சி வந்து நிற்பார் என்பதைப் படம் தொடக்கத்திலிருந்தே உறுதியாக எடுத்துக்கொள்கிறது. அவர் சொல்வது உண்மையா என்பதுதான் அங்கே மர்மம். காந்தி சிலையடி வழக்கில் சாட்சியின் நம்பகத்தைச் சோதிக்கும் கட்டத்துக்கே நம்மால் போக முடியவில்லை.

சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2015இல் ஒரு சட்டம் வந்து, அதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் அமைந்தது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், வேறோரிடத்தில் இருந்தபடியே ஒளி ஒலி இணைப்பின் மூலம் சாட்சியம் சொல்ல வழி, இப்படிப் பல ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால் பயந்து போன ஒரு குடும்பம் சட்டத்தின் இலக்கத்தைப் பார்த்துத் திரும்பி வராது. தன் வாக்குமூலத்தை எழுதுகிற பொலிஸ் நிலையமும், தான் குற்றம் சாட்டுகிற ஆட்களும் ஒரே திணைக்களம் என்ற நிலை இருக்கும்வரை அந்தக் குடும்பத்தின் பயம் நியாயமானது. 2019இல் அந்தப் பதின்மூன்று பேரும் வெளியே வந்தபோது, 2015ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வருடமாக நடைமுறையில்தான் இருந்தது.